வாங்கினாலும் முடித்துக் கொடுப்பவர்

உத்தியோகஸ்தர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, “வாங்கினாலும் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார், நல்ல மனுஷன்” என்று ஜனங்கள் வழங்கும் நற்சாட்சி, தாலுகா அலுவலக வாசல்களில் நின்று பழகியவர்களுக்குப் புதிதன்று. லஞ்சத்தைப் பொறுத்துக்கொண்டு, வாங்கியபின் இழுத்தடிப்பதை மட்டும் துரோகமாகக் கருதும் இந்த அபிப்பிராயம் தர்மத்துக்கு உகந்ததுதானா?

சமவெளியில் சௌக்கியமாக அமர்ந்து இதைக் கண்டிப்பது சுலபம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிக் குடியானவன் ஒருவனுக்கு, மகனைக் கல்லூரியில் சேர்க்கக் கோட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். மனுவை இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிடலாம் என்றாலும், விசாரணை என்று அழைப்பு வந்தால், மிளகுக் கொடியையும் அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்கியவனிடம் யாரேனும் “அடுத்த வாரம் வா” என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையால் வரும் நஷ்டம், கேட்கக்கூடிய ‘டீ செலவை’க் காட்டிலும் பெரிது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுப்பவனையும் குற்றவாளியாக்கியபோது, நிர்ப்பந்தத்தால் கொடுத்து 7 நாட்களுக்குள் புகார் செய்தவனுக்கு விலக்கு அளித்தது நியாயமே. ஆனால், லஞ்சம் வாங்குபவரைப் பொறிவைத்துப் பிடிக்கையில், பினாப்தலீன் பொடி தடவிய நோட்டை வாங்கிய விரல்கள் சோடியம் கார்பனேட் கரைசலில் இளஞ்சிவப்பாக மாறும் காட்சிக்குச் சாட்சியாக நின்றவன், அடுத்த வருஷம் இளைய மகளுக்காக அதே படியேற வேண்டியவன் என்பதைச் சட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.

இத்தகையவன் கொடுத்ததைப் பாவமென்று சொல்ல மனம் துணியாது. அவன் தரும் நற்சாட்சிதான் விபரீதம். காவல் நிலையத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஜனங்கள் அதை அவ்வளவு தாராளமாக வழங்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அங்கே பணம் வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுக்கப்படும் காரியம் பெரும்பாலும் எதிராளியின் தலையில் விடியும் என்பது எல்லோரும் அறிந்ததே. சான்றிதழ் மேஜையிலோ எதிராளி கண்ணுக்குத் தென்படுவதில்லை; அதனால் இல்லை என்றாகிவிடாது.

2019 ஏப்ரலில், மலையடிவாரத்து ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடையதாகச் சொல்லப்பட்ட தொலைபேசிப் பேச்சு வெளியாயிற்று. முப்பது வருஷத் தொழில் என்ற பெருமையோடு, பச்சிளங் குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று விலையும், பிறப்புச் சான்றிதழுக்குத் தனித் தொகையும் அதில் கூறப்பட்டிருந்தன. கொல்லிமலை அரசு ஆரம்ப சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் கைதானார், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று; ராசிபுரத்திலும் மலையிலும் வழங்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள் ஆராயப்பட்டன. எவர் குற்றவாளி என்பது நீதிமன்றத்துக்குரிய விஷயம். அந்தப் பேச்சில் வாங்குவோருக்குக் காட்டப்பட்ட ஆசையோ, நாணயமும் துரிதமுமே. மாற்றலாகிப் போகும் ‘நல்ல மனுஷ’னிடம் ஜனங்கள் மெச்சிய குணங்களும் இவையே. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவன், தனக்கு உரியதைத் தாமதமின்றிப் பெற்றான். ஆசையால் கொடுப்பவன், பிறருக்கு உரியதை அதே தாமதமின்மையோடு பெறுகிறான். மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு இருவரும் ஒன்றே. பெற்றவளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருத்தியின் பெயர் ஏறிய சான்றிதழிலும் முத்திரை சரியாகத்தான் விழுந்திருக்கும்.