ஆயாவுக்கு எத்தனை கிரவுண்டு?

"நாலால வகுத்தா சுத்தமா பன்னெண்டு பன்னெண்டு வருது" என்று பெரியப்பா செல்போன் கால்குலேட்டரை எல்லோருக்கும் காட்டினார். வேப்பம்பட்டில், ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், எங்கள் தாத்தா கிரயத்துக்கு வாங்கிய ரெண்டு காணி கழனி இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர். ஒரு காணிக்கு 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. இன்று புரோக்கர்கள் கிரவுண்டு என்று சொல்கிற அதே அளவு. ஆக மொத்தம் 48 கிரவுண்டு. ரெண்டு மகன், ரெண்டு மகள். ஆளுக்குப் பன்னிரண்டு. (நெல் விளைந்த காலத்திலேயே அந்தக் காணிக்குள் 24 பிளாட் ஒளிந்திருந்தது என்று நினைத்தால் லேசாகக் கிலி பிடிக்கிறது.)

ஆயா திண்ணையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பெற்றவளை எங்கள் ஊரில் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "பிரிச்சுக் குடுக்க வேண்டியவ நீதாம்மா, நீ சொன்னா சரி" என்று அப்பா சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இதில் எனக்கும் லாபம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பன்னிரண்டில் ஒன்றை விற்றால் என் கல்விக் கடன் தீர்ந்துவிடும். நான் பேசும் நியாயத்தை அந்தச் சந்தேகத்தோடே படியுங்கள்.

அன்று நடந்த சண்டை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இருபது வருஷமாக ஏர் ஓட்டி, ஏரி மதகு திறக்கிற நாளுக்குக் காத்திருந்து, வேர்க்கடலை போட்டு நஷ்டப்பட்டவர் பெரியப்பா. "ஒழச்சவனுக்கும் ஊர்ல இல்லாதவனுக்கும் ஒரே பங்கா?" என்பது அவர் கேள்வி. சின்ன அத்தை புருஷனை இழந்து ரெண்டு பிள்ளைகளோடு பட்டாபிராமில் வாடகைக்கு இருக்கிறார். அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் நிலைமையே கேட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாசச் சம்பளம் வாங்கும் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் "சட்டப்படி எல்லாரும் சமம்" என்றார். சமத்துவத்தைப் பற்றி அவர் அத்தனை உருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பெரிய அத்தை மட்டும், "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, பொறந்த வீடுன்னு வந்து போக இருந்தா போதும்" என்றார். உடனே எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. விடுதலைப் பத்திரம் எழுத எவ்வளவு ஆகும் என்று யாரோ விசாரிக்கவும் ஆரம்பித்தார்கள். மகள் விட்டுக்கொடுத்தால் பாசம் என்று பெயர் வைக்கிறோம். மகன் எடுத்துக்கொள்வதற்கு ஒரு பெயரும் கிடையாது. அது வழக்கம், அவ்வளவுதான்.

அமர்த்திய சென் 2009இல் வெளியிட்ட 'தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்' நூலில் ஒரு புல்லாங்குழல் வருகிறது. மூன்று குழந்தைகள் அதற்குப் போட்டி போடுகிறார்கள். ஒருத்திக்கு மட்டும்தான் அதை வாசிக்கத் தெரியும். ஒருவன் பரம ஏழை, விளையாட வேறு பொருளே கிடையாது. இன்னொருத்தி மாதக்கணக்கில் உழைத்து அதைச் செய்தவள். யாருக்குக் கொடுப்பது? மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்துவிட முடியாது என்பது சென்னின் வாதம். காலேஜில் படித்தபோது இது எனக்கு அழகான புதிராக மட்டும் தெரிந்தது. அன்று திண்ணையோரம் உட்கார்ந்து, பெரியப்பாவை உழைத்தவள் இடத்திலும், சின்ன அத்தையை இல்லாதவன் இடத்திலும் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே பொருந்தியது.

பொருந்தியதில்தான் என் தப்பும் இருந்தது. நாற்று நட்டது யார்? களை பறித்தது யார்? கிணறு வெட்டக் காசு போதாமல் யாருடைய கம்மல் போனது? கையில் வேறெந்தச் சொத்தும் இல்லாதவர் யார்? இன்றைக்கும் விடிந்ததும் வரப்பில் நடந்து கீரை கிள்ளி வருபவர் யார்? செய்தவள், இல்லாதவள், பயன்படுத்தத் தெரிந்தவள் என்ற மூன்று நியாயமும் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த ஆள் எங்கள் கணக்கிலேயே இல்லை. பங்கு போடும் கத்தியாக ஆயாவைப் பார்த்தோம். கத்திக்குப் பங்கு உண்டா என்று யார் கேட்பார்கள்?

சட்டம் கேட்டிருக்கிறது. அதுவும் நிதானமாக, தட்டுத்தடுமாறி. 1937இல் வந்த சட்டம் இந்து விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் ஆயுசு வரைக்கும்தான். தன் இஷ்டத்துக்கு விற்கவோ யாருக்கும் எழுதிவைக்கவோ முடியாது. விவசாய நிலத்தை அந்தச் சட்டம் தொடவும் இல்லை, அது மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. சென்னை மாகாணம் 1947இல்தான் அதைக் கழனிக்கும் நீட்டித்தது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 'ஆயுசு வரைக்கும்' என்ற கட்டை அவிழ்த்து, அவள் பங்கை முழுசாக அவளுக்கே ஆக்கியது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்தது என்பது பலருக்குத் தெரியும். தாத்தாவுடையது அவரே வாங்கிய நிலம். உயில் எழுதாமல் போய்விட்டார். அப்படியானால் 1956லிருந்தே விதி ஒன்றுதான்: மனைவிக்கு ஒரு பங்கு, மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு.

வகுக்க வேண்டியது நாலால் இல்லை, அஞ்சால். 48ஐ அஞ்சால் வகுத்தால் 9.6.

இதை நான் சொன்னபோது பெரியப்பாவுக்குக் கோபம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது. "ஒம்போதே சொச்சம்னா எப்படிறா கல்லு நடுறது? அம்மாவுக்குத் தனியா எதுக்கு? எங்க யார் வூட்ல வேணா இருக்கட்டுமே." மனசார சொன்னார் என்றே நம்புகிறேன். அப்போதுதான் ஆயா முதன்முதலாக வாயைத் திறந்தாள். "நான் இருக்க எடமாடா கேட்டேன்?"

இரண்டு நாள் யோசித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆயா தன் 9.6ஐ வைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதிவைக்காமல் காலமானால் அது நாலு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆளுக்கு 2.4. ஏற்கெனவே வந்த 9.6உடன் சேர்த்தால் பன்னிரண்டு. அதே சுத்தமான பன்னிரண்டு! அவள் பங்கால் யாருக்கும் ஒரு சதுர அடி குறையவில்லை. அவள் உயிரோடு இருக்கும் காலம்தான் நடுவில் நிற்கிறது.

கணக்கு இவ்வளவு சுலபமாக முடியாது என்பதும் தெரியும். அது அவளுடையது என்றால் அவள் உயில் எழுதலாம். சின்ன அத்தைக்கே மொத்தமும் எழுதலாம். ஏன், யாருக்கோ விற்றுவிட்டுக் காசிக்குப் போகலாம். பயம் அங்கேதான். இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய அத்தை ஒன்று கேட்டார்: "நெலத்தக் கையில வச்சிக்கினு சோறு வாங்கித் தின்னா அது பாசமா?" மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 தொடக்கத்தில் இன்னொரு வழக்கில், முதியோருக்கு அனுகூலமாகத் தாராளமாக இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் முதலில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பிறகு கோட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் நின்று பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று ஒரு தாய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கொடுக்காமல் வைத்திருப்பவளுக்கு அந்த அவமானம் இல்லை.

அத்தையின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆசைகாட்டிப் பிள்ளைகளை ஆட்டிவைக்கும் கிழவிகளும் உண்டு, பார்த்திருக்கிறேன். என்றாலும் கையில் ஒன்றும் இல்லாதவள் மருமகள் கையால் வாங்கிச் சாப்பிடும்போது, அது பாசமா வேறு வழியில்லாமையா என்று அவளுக்கே தெரிய வாய்ப்பில்லை. தனக்கென்று ஒன்பதே முக்கால் கிரவுண்டு கிட்ட வைத்திருப்பவள், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். போக முடிந்தும் போகாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அதைப் பாசம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பெரிய அத்தை தலையசைத்தார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் விடுதலைப் பத்திரப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அப்பா மூணு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பன்னிரண்டு 9.6 ஆனதில் என் கடனை அடைக்க வேண்டிய அந்த ஒரு கிரவுண்டும் இப்போதைக்கு நகர்ந்துவிட்டது. நியாயம் பேசுகிற பிள்ளை ஈஎம்ஐயையும் அதே நியாயத்தோடு கட்டட்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம். சரிதானே.

போன ஞாயிற்றுக்கிழமை சர்வேயரைக் கூப்பிடப் பேசியபோது ஆயாவே சொன்னாள். "எனக்கு ஏரிப் பக்கம் வேணாம், மழையில தண்ணி நின்னுடும். கெணத்துப் பக்கம் அளந்து வுடுங்க." பெரியப்பா மறுபடியும் கால்குலேட்டரை எடுத்தார். "சென்ட்டுல போட்டா அம்பத்தி மூணு கிட்ட வருதும்மா" என்றார்.

"கிட்ட இன்னா கிட்ட? சரியாப் போடு" என்றாள்.