நாலேகால் மணி

அலாரம் அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே கை போய் அதை அணைத்துவிடும். பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துக்கொள்ளக் கூடாது. அத்தையின் அறையைச் சத்தமில்லாமல் தாண்ட வேண்டும். அடுப்படியில் விளக்குப் போடாமல், கைப்பேசி வெளிச்சத்திலேயே இரண்டு வாழைப்பழத்தையும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி லிஃப்டுக்குள் நிறுத்துவேன். 46 வயதில் தொடங்கினேன். முதல் வருடம் முழுக்க இப்படித்தான், திருடப் போகிறவளைப் போலக் கிளம்பினேன்.

நான் எடுத்துக்கொண்டது நேரம். ட்ரையத்லானில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில், நடுவில் கடிகாரம் நிற்காமல் செய்ய வேண்டும். அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதி தூரத்தைத்தான் நான் இலக்காக வைத்துக்கொண்டேன். அதற்கே வாரம் பத்து மணி நேரம் வேண்டும். பத்து மணி நேரம் எந்த வீட்டிலும் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடப்பதில்லை. அதிலும் வேலைக்குப் போகிற, பிளஸ் டூ படிக்கிற பையனும் வயதான மாமியாரும் இருக்கிற ஒருத்தியின் வீட்டில்.

"எதுக்கு இந்த வயசுல?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஆளுக்குத் தகுந்த பதில் வைத்திருந்தேன். அலுவலகத்தில், "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகர், எனக்கும் வந்துடக் கூடாதுன்னு." கணவரிடம், "வயசான காலத்துல உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுல்ல." அத்தையிடம், "முட்டி வலிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார் அத்தை." எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு முட்டி வலியும் இல்லை. எங்கள் அடுக்ககத்திலேயே என் வயதுக்காரர் ஒருவர் ஞாயிறு தவறாமல் ஓடப் போகிறார். "ஓடிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்வதோடு அவருக்குப் பேச்சு முடிந்துவிடும். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் அடியில் "இதுவும் உங்களுக்காகத்தான்" என்ற ஒரே வரிதான் இருந்தது. நடுவயதுப் பெண் தனக்கென்று ஒரு மணி நேரம் எடுத்தால், அதையும் பிறருக்குச் செய்யும் உபகாரமாக மாற்றிச் சொன்னால்தான் அனுமதி கிடைக்கும் என்று நானாகவே முடிவு செய்திருக்கிறேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

நீச்சலில்தான் ஆரம்பம். பெண்களுக்கான நேரத்தில் குளத்தில் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு 24 வயது இருக்கும். முதல் வாரம் முழுவதும் கையும் இல்லை, காலும் இல்லை. விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி மூச்சை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது வரவில்லை. உள்ளே போனதும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நாலு விநாடியில் நெஞ்சு முட்டும். "அக்கா, காத்து பத்தாம முட்டலை. உள்ள இருக்கறதை நீங்க விடலை, அதான் முட்டுது" என்றாள். அது உடற்கூறுப்படியும் சரி. மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல, வெளியேறாத கரியமில வாயு ரத்தத்தில் சேர்வதால். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மூக்கின் வழியே மெல்ல விட ஆரம்பித்தேன். குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு காதுப் பக்கம் ஏறின. கொதிக்கத் தொடங்கும் உலைத் தண்ணீரின் சத்தம். அந்தச் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாத பத்து விநாடி. யாரும் கூப்பிட முடியாத இடத்தில் நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

கடல் வேறு பாடம். கோவளத்தில் அலை உடையும் இடத்தைப் பார்த்துக் கால் நடுங்கி நின்றபோது, கட்டுமரக் குடும்பத்துப் பையன் ஒருவன், "அலையோட சண்டை போடாதீங்கம்மா, அடியில பூந்து போங்க" என்றான். பூந்து போய்த் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் தொட்டில்தான். குளத்தில் இருக்கும் கறுப்புக் கோடு அங்கே இருக்காது. பத்துக் கை போட்டதும் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ குறி பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கத் தவறினால் நீரோட்டம் நமக்குத் தெரியாமலே வடக்கே கொண்டுபோய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவோம். நான்கைந்து பெண்கள், முன்னும் பின்னும் விளக்கு. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது உப்பங்கழியின் மேல் வெளிச்சம் பரவத் தொடங்கியிருக்கும். ஆனால் எனக்கு அந்தச் சாலையில் முக்கியம், அதற்கும் முன்னால் இருட்டில் பார்க்கிற ஆட்கள். துடைப்பத்தோடு நிற்கிற துப்புரவுத் தொழிலாளர்கள். அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிற மீன்காரம்மாக்கள். எனக்கு முன்னாலேயே எழுந்தவர்கள். என்னுடைய நாலேகால் மணியை எல்லோரும் கட்டுப்பாடு, மன உறுதி என்று புகழ்கிறார்கள். அவர்களுடைய மூன்று மணிக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கும் விடிவது அந்த நேரத்தில்தான். அவர் வருவதால்தான் என் பத்து மணி நேரத்தில் பாதி எனக்குக் கிடைக்கிறது. இதை ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதால் கடன் தீர்ந்துவிடாது என்பதும் தெரியும்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். என் போன் முதுகுப் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. தண்ணீர் குடிக்க நின்றபோது எடுத்துப் பார்த்தால் கணவரிடமிருந்து ஏழு அழைப்புகள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். வராந்தாவில் ஒரு உறவுக்காரம்மா, "அந்த நேரத்துல மருமக எங்க போனா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஒரு வாரம் நீடித்தது.

எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மாதவிடாய் நிற்கிற சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போதுதான் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. அத்தைக்கு அது 30 வருடம் முன்னால் ஆரம்பித்திருக்கும். எனக்கு இப்போது. உடம்பின் எடையைத் தாங்காத நீச்சலும் சைக்கிளும் எலும்புக்குப் பெரிதாக உதவாது. ஓட்டமும், அதைவிட எடை தூக்குவதும்தான் உதவும். காரணம் தேடி அலைந்தவளுக்கு நிஜமான காரணமே கையில் கிடைத்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. அத்தைக்குத் தலை வாரி, புடவை கட்டிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்தேன்.

நாலாவது வாரம் அத்தையே கேட்டார். "சைக்கிள் ஏன் தூசி படிஞ்சு கிடக்கு?"

"நான் வீட்ல இருந்திருக்கணும் அத்தை."

"இருந்திருந்தாலும் பாத்ரூமுக்கு நான் தனியாத்தானே போயிருப்பேன்?"

அப்போதுதான் சொன்னேன். முட்டி வலி இல்லை, டாக்டர் யாரும் சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் போகிறேன் என்று. அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்ப வாரா வாரம் முடக்கத்தான் கீரை வாங்கி அரைச்சு உனக்கு தோசை ஊத்தினேனே, அது எதுக்கு?" என்றார். வியாழக்கிழமைதோறும் தட்டில் வந்த அந்தப் பச்சை தோசை என் பொய் முட்டிக்காகத்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அயர்ன்மேன் பந்தயத்தின் கதையைப் பிறகு படித்தேன். 1978-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் முறை நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. மறு வருடம் லின் லமேர் என்ற ஒரே பெண் வந்து மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். ஆனால் என் மனதில் தங்கியவர் மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. 48 வயதில் ஓடத் தொடங்கி, 52-ல் முதல் ட்ரையத்லான், 55-ல் முதல் அயர்ன்மேன், 2012-ல் கனடாவில் 82 வயதில் மறுபடியும் முழு தூரம். அவர் வயதுக்குப் பெண்கள் யாரும் வந்ததில்லை என்பதால் போட்டியில் புதிய வயதுப் பிரிவுகளையே திறக்க வேண்டியிருந்தது. சாதனையைவிட 55-க்கும் 82-க்கும் நடுவிலுள்ள 27 வருடங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணினேன். தன் நேரம் முழுவதையும் கடவுளுக்கென்று எழுதிக்கொடுத்த ஒருவர், அத்தனை வருடம் ஓடப் போயிருக்கிறார். அது கடவுளிடமிருந்து எடுத்த நேரம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்று நம்புகிறேன்.

கணவரிடமும் சொன்னேன். அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. "இத்தனை நாள் எனக்காகன்னு சொன்னியே" என்றார். அந்த வருத்தம் நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் யார் வைப்பது, போன் சத்தத்தோடு எந்தப் பையில் இருக்க வேண்டும், மாதத்தில் எந்த ஞாயிறு முழுக்க வீட்டுக்கு என்று உட்கார்ந்து பேசினோம். காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இதையெல்லாம் பேச வழியே இருந்திருக்காது. விருப்பம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அதற்கு அளவு வைக்க முடிந்தது.

கோவாவில் மீராமார் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓடினேன். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சில நிமிடம் மிச்சமிருந்தது. சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் இரண்டு கிலோமீட்டர் கால் என்னுடையதாகவே இல்லை. அந்த வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெயில் வெயில்தான். முடிவுக் கோட்டில் கணவர் நின்றிருந்தார். வீடியோ அழைப்பில் அத்தை, "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து மறுபடி நாலேகால் மணிக்கு விழிப்பு வந்தது. அடுத்த பந்தயம் எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. பயிற்சி அட்டவணையும் இல்லை. அடுப்படி விளக்கைப் போட்டு, அத்தைக்கு வெந்நீர் வைத்துவிட்டு, காலணியை மாட்டினேன். தூக்கக் கலக்கத்தில் கணவர் கேட்டார், "இன்னிக்கு எதுக்கு?"

"சும்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.