அழாதவன் மீதான வழக்கு

ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலில் மெர்சோ தன் தாயின் சாவுக்கு அழுவதில்லை. சவப்பெட்டிக்கருகே பால் காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் நீந்திவிட்டுச் சிரிப்புப் படம் பார்க்கப் போகிறான். பிறகு கடற்கரையில் ஓர் அரபு மனிதனைச் சுட்டுக் கொல்கிறான். ஆனால் வழக்கு மன்றத்தில் அரசு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அந்த அழாத கண்களைத்தான்.

தாராவியில் வளர்ந்த எனக்கு இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி ஊருக்கு வராத காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து துட்டிச் சேதி வந்தால், ஒன்றரை நாள் ரயிலில் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். கட்டிப்பிடித்து அழ உடம்பு இல்லாத வீட்டில், மொட்டை போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பான் மகன். “பம்பாய்க்குப் போனவன் நெஞ்சு கல்லாப் போச்சு” என்பார்கள் பெரியம்மைமார். ஆச்சி இறந்தபோது அப்பாவும் அதைக் கேட்டார். அடுத்த மாதம் ஆச்சி பெயருக்கு மணியார்டர் பாரம் எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்ததாம். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

பம்பாயில் வாழ்ந்த நாஞ்சில் நாடன் 1993இல் எழுதிய ‘சதுரங்கக் குதிரை’ நாவலின் நாராயணன், மணமாகாமலே நடுவயதைத் தாண்டுகிறவன். மெர்சோ பொய்யாக நடிக்க மறுத்து விலகி நிற்கிறான். நாராயணனின் தனிமையோ பிழைப்பும் தூரமும் சேர்ந்து கட்டியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மெர்சோவிடம் என்னை உறுத்துவது வேறு. அவன் கொன்ற மனிதனுக்கு அந்த நாவலில் பெயரே கிடையாது. 2013இல் அல்ஜீரியாவின் காமெல் தாவுத் அவனுக்கு மூசா என்று பெயரிட்டு, அவன் தம்பி பேசுவதாக ஒரு நாவலே எழுதினார். வழக்கு அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

மும்பை புறநகர் ரயில் பாதைகளில் இப்போதும் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் சாகிறார்கள். சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே வண்டி நின்றால், யாரோ அடிபட்டுவிட்டான் என்று பெட்டிக்குள் பேச்சு வரும். கைகள் உடனே கடிகாரத்துக்குப் போகும். எனக்கு அச்சம் தருவது இந்த விலகல்தான். அப்பா மட்டும் “எந்த ஊருப் பிள்ளையோ” என்பார். ஒருமுறை வேலைக்கு நேரமாகியும் இறங்கி, ரயில்வே போலீஸிடம் இறந்தவன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.