அடித்துக் கேளுங்கள் என்போர் கவனத்திற்கு

 

வீட்டில் ஒரு நகை காணாமற் போய்விட்டால் நம் வாயிலிருந்து முதலில் வருகிற பேச்சு என்ன? "போலீசில் சொல்லி நாலு தட்டுத் தட்டினால் உண்மை தானே வெளிவரும்" என்பதுதானே? தொழுது முடித்து, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இப்படிச் சொல்பவர்களும் நம்மில் உண்டு. இந்தப் பேச்சுக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தாரின் பொருள் களவு போயிற்று. நெசவாளர் சிலர்மீது அவர்களுக்குச் சந்தேகம். நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்கள் அந்நெசவாளரைச் சில நாட்கள் காவலில் வைத்திருந்து, பின் விட்டுவிட்டார்கள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஓடிவந்து, அடிக்காமலும் சோதிக்காமலும் அனுப்பிவிட்டீர்களே என்று முறையிட்டனர். நுஃமான் (ரலி) அவர்கள் சொன்ன பதில் இதுதான்: நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன். பொருள் அகப்பட்டால் சரி. அகப்படாவிட்டால், அவர்கள் முதுகில் விழுந்த அத்தனை அடியையும் உங்கள் முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது உங்கள் தீர்ப்பா என்று வந்தவர்கள் கேட்க, அல்லாஹ்வின் தீர்ப்பும் அவன் தூதரின் தீர்ப்பும் இதுவே என்றார்கள்.

முறையிட வந்தவர்கள் பொய்யர்கள் அல்லர். உண்மையாகவே பொருளை இழந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய முதுகும் கணக்கில் சேர்ந்துவிட்டது! அவர்களை அச்சுறுத்தவே அவ்வாறு சொல்லப்பட்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் அடிக்க இடமில்லை என்று இமாம் அபூதாவூத் அவர்களே விளக்கமும் தந்திருக்கிறார்கள்.

ஷாம் தேசத்தில் வரி செலுத்தாதவர்களை வெயிலில் நிறுத்தி வைத்திருந்ததை ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் கண்டார்கள். அவர்கள் முஸ்லிம்களும் அல்லர். இம்மையில் மனிதர்களை வேதனை செய்வோரை அல்லாஹ் வேதனை செய்வான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டேன் என்று, நேரே கவர்னரிடமே போய்ச் சொன்னார்கள். கவர்னர் உடனே அவர்களை விடுவித்துவிட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் இது வந்திருக்கிறது.

பழங்காலத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளியான ஓர் இளைஞரைப் போலீசார் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். கோயிலுக்கு வந்த ஒருவருடைய காரில் இருந்த நகை காணோம் என்பது புகார். 28-ஆம் தேதி அந்த இளைஞர் உயிருடன் இல்லை. அவரை அடித்ததைக் கோயில் ஊழியர் ஒருவர் மறைந்து நின்று கைப்பேசியில் படமெடுத்திருந்தார்; வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. போலீசார் ஐவர் கைதானார்கள், விசாரணை சி.பி.ஐ.யிடம் போயிற்று. புகார் கொடுத்தவரின் உள்ளத்தை நாம் அறியோம். அதைத் தீர்க்க நாம் யார்? ஆனால் ஒரு தாய்க்குப் பிள்ளை இல்லாமற் போயிற்று.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இல்லை. ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவதை 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே 330-ஆம் பிரிவில் குற்றமாக்கிற்று. அதற்கு அச்சட்டம் காட்டிய முதல் உதாரணமே ஒரு போலீஸ் அதிகாரிதான். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 120-ஆம் பிரிவு. காயத்துக்கு 7 ஆண்டு வரை, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை சிறை. போலீசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பதும் 1872 முதல் உள்ள விதி. அந்த வாக்கால் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அடிக்கிற கைக்கு ஆசை காட்டுவது அந்த விலக்குதானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. கைது செய்யும்போது குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றமும் கட்டளையிட்டிருக்கிறது. குற்றம் செய்யத் தூண்டுகிறவருக்கும் சட்டத்தில் பங்குண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே புகார் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், கண்டதை மட்டும் எழுதுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். ரசீது வாங்குங்கள். அதற்குமேல் "கவனித்துக் கேளுங்கள்" என்று காதில் ஓதிவிட்டு வராதீர்கள்.

நாமறிந்த ஒரு வீட்டில் மூன்று பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. வீட்டு வேலை செய்துவந்த ஏழைப் பெண்ணை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். மாலையில் திரும்பிய அவள் இரண்டு கையும் வீங்கியிருந்தன. அடுத்த ரமளானுக்குத் துவைக்க எடுத்தபோது, தொழுகைத் துப்பட்டியின் மடிப்பிலிருந்து சங்கிலி விழுந்தது. வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அதை மாட்டிக்கொண்டார்கள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க இன்னும் ஒருவரும் அங்கே போகவில்லை.