இடிக்குமுன் ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஓர் ஊரில், பழைய மத்ரஸாக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றிப் பேச ஜமாஅத் கூடிற்று. நம்மையும் அழைத்திருந்தனர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட கட்டடம், சுவர்கள் உறுதியானவை, தளம் மட்டுமே ஒழுகும். புதியதன் மேல் சூரிய மின்தகடுகள் பதித்தால் மின்கட்டணம் மிச்சம், பூமிக்கும் நன்மை என்றார் ஒரு பெரியவர். அவை தலையசைத்தது. நமக்கு மனம் ஒப்பவில்லை.

கட்டடத்தின் கரியமில வாயுக் கணக்கை விளக்கு எரியும் நாளிலிருந்து தொடங்குவது பாதிக் கணக்கே. 2011-இல் ஐரோப்பியர் வகுத்த ஈ.என். 15978 என்னும் அளவுமுறை, மூலப்பொருளைத் தோண்டும் சுரங்கம் முதல் இடிபாட்டைக் கொட்டும் குழி வரை முழு ஆயுளையும் கணக்கில் கொள்கிறது. சிமெண்டுக்கான கிளிங்கர் ஒரு டன் ஆக்குகையில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து மட்டுமே ஏறத்தாழ அரை டன் கரியமில வாயு வெளிப்படுகிறது. சூளைத் தீயின் புகை வேறு.

இரும்பின் கதை நம் வட்டாரத்திலேயே நடக்கிறது. இடித்த வீடுகளின் கம்பிகள் காயலான் கடை வழியே (அப்பெயர் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர்) கும்மிடிப்பூண்டி உருக்காலைகளை அடைந்து மீண்டும் கம்பியாகின்றன. தாதுவிலிருந்து எடுப்பதினும் இது மேல். ஆயினும் உலைக்கு வேண்டிய மின்சாரத்திற்காக அத்திப்பட்டு போன்ற இடங்களில் நிலக்கரி எரிகிறது. உடைந்த கான்கிரீட்டோ ஜல்லியாகலாம், சிமெண்டாகாது.

பழைய செங்கல்லுக்கும் சூளை புகைந்ததே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்புகை காப்பதாலும் மீளாது, இடிப்பதாலும் மீளாது. பழையது என்பதற்காகவே காக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. இனி எழப்போகும் புகையே கேள்வி. கட்டுமானப் புகை ஓரிரு ஆண்டில் எழுந்துவிடும். அதனைச் சூரியத் தகடுகள் ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும். கடன் வாங்குவோர் நாம். அடைப்போர் அங்கே ஓதும் பிள்ளைகள். செப்பனிட்ட பழைய தளத்தின் மீதும் அத்தகடுகள் அமருமே!

தகாத இடத்தில் செலவிடுவது தப்தீர், தகுந்த இடத்திலேயே அளவு மீறுவது இஸ்ராஃப் என மார்க்க அறிஞர் சிலர் பிரிப்பர். மத்ரஸா தகுந்த இடம்தான். அதனாலேயே அங்கு அளவு மீறுவது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

பிள்ளைகள் பெருகிவிட்டனர், இடம் போதவில்லை என்பது மெய். தளத்தைச் செப்பனிட்டு, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டால் பக்கத்தில் இரு அறைகள் மட்டும் எழுப்பலாம் என்றோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு கொடையாளர் ஒருவர், அப்படியானால் தம் தந்தையாரின் பெயர்க்கல்லை எங்கே பதிப்பது என்று கேட்டார்.