அக்கரையில் கேட்ட கொல்லி

(ஆடிப்பெருக்கு மாலை, கொல்லிமலை பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் சந்நிதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காலையிலேயே ஐயாற்றில் குளித்து, மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலர் ஆகாயகங்கைக்கு ஆயிரம் படி இறங்கி, ஆயிரம் படி ஏறியும் வந்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கால் வலிக்கிறவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், நானும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஊர் மீன் கதையை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆற்றில் பிடித்த மீனை ஒருவன் துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்க வைத்தான். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, உயிர் பெற்று, துள்ளி ஆற்றுக்கே போய்விட்டன. அறுத்த மீனைப் பொருத்தியவர் என்பது நம் சாமிக்கு வழங்கும் பெருமை. இந்தக் கதையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் திரும்பி வருகிறேன்.

இந்தச் சித்திரையில் நாங்கள் பதினாறு பேர் இலங்கைக்கு யாத்திரை போய் வந்தோம். காரவள்ளியில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினோம். 2023 அக்டோபரில்தான் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இந்தப் போக்குவரத்து மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரம். நம் மலைப் பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுக்காத ஆட்கள் எல்லாம் கடலில் எடுத்தார்கள். மலைக்காரனுக்குக் கடல் எதற்கு என்று ஒரு பாட்டி கேட்டுக்கொண்டே வந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்றைய பேச்சு.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்து, பாண்டியனும் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் உடன் வர, இராமேஸ்வரம் போகிறார். அங்கே நின்றுகொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருக்கோணமலைக்கு ஒரு பதிகம், மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கு ஒரு பதிகம் பாடுகிறார். சேக்கிழார் பெருமான் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளை கடல் தாண்டவில்லை. பின்னால் வந்த சுந்தரரும் சேரமான் பெருமாளோடு இராமேஸ்வரம் போனபோது, கரையில் நின்றுதான் கேதீச்சரத்தைப் பாடினார்.

யோசித்துப் பாருங்கள். சீர்காழிப் பிள்ளைக்குக் கப்பல் கிடைக்காமலா போயிற்று? பாண்டிய ராஜாவே பக்கத்தில் நிற்கிறார். போக முடியாததால் பாடினார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாமி அங்கே இருக்கிறார் என்பது நிச்சயமானவனுக்கு இங்கிருந்து பாடினாலே போதும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கிறவரை நம் திண்ணையிலிருந்தே கூப்பிடுகிறோம் இல்லையா, அந்த உரிமைதான்.

நம் அறப்பள்ளியின் கணக்கு இதற்கு நேர்மாறு. நம் சாமிக்குத் தனிப் பதிகம் இல்லை. அப்பர் பெருமான் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தில் ஊர் ஊராக அடுக்கிக்கொண்டு வருகிறபோது, கொல்லியையும் அறைப்பள்ளியையும் போகிற போக்கில் சொல்கிறார். நடுவில் 'குளிர்' என்று ஒரே ஒரு சொல்லையும் போடுகிறார். இப்படி வேறொரு பாட்டுக்குள் வைத்துச் சொல்லப்பட்ட ஊர்களை வைப்புத் தலம் என்பார்கள். பாடல் பெற்ற தலம் என்றால் பெருமை, வைப்புத் தலம் என்றால் ஒரு படி கீழே என்று நம் ஊர்க்காரர்களே சங்கடப்படுவது உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மார்கழியில் இந்த மலையில் ஒரு ராத்திரி தங்கியவனுக்குத் தெரியும், அந்தக் 'குளிர்' ஒரு பதிகத்துக்குச் சமம்.

சரி, யாத்திரைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணியும் நேரமும் அப்படி ஒரு ஒழுங்கு. கீரிமலையில் கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊறுகிறது, குளித்தோம். அங்கிருந்து மன்னார்.

மன்னாரில் இறங்கியதும் கருவாட்டு வாசனை. நம் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஊர்ல மீனெல்லாம் சாமி இல்லையா தம்பி?" என்றது. ஐயாற்று மீனுக்கு அறுபது வருஷமாகப் பொரி போட்ட கை அது. நான் என்ன பதில் சொல்ல?

மன்னாருக்குப் பக்கத்தில்தான் சம்பந்தர் பாடிய திருக்கேதீச்சரம். அதைப் போர்ச்சுகீசியர் இடித்துப் போட்டார்கள். முந்நூறு வருஷத்துக்குக் காடு. ஆறுமுக நாவலர் 1872இல் இந்தக் கோயிலை மீட்க வேண்டும் என்று எழுதினார். அவர் அதைக் காணாமலே 1879இல் சிவபதம் அடைந்தார். நிலத்தை வாங்கி, 1894இல் மண்ணைத் தோண்டும்போது பழைய லிங்கம் கிடைத்தது. 1903இல் சிறிதாக ஒரு கோயில் எழும்பியது. போர்க்காலத்தில் மறுபடியும் பல ஆண்டு பூசையில்லாமல் கிடந்தது. இப்போது இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் திருப்பணி நடந்து, 2022 ஜூலையில் குடமுழுக்கு ஆகியிருக்கிறது. பாலாவித் தீர்த்தக் கரையில் நின்று பார்த்தால், புதுக் கல்லின் நிறம் நம் பக்கத்துக் கோயில் கல்லைப் போலவே இருக்கிறது.

அந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்கள் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடை. காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. கேதீச்சரம் காடாகக் கிடந்த காலம் அது. தன்னைக் கும்பிட வேண்டிய ஜனம் தனக்குப் பக்கத்திலேயே நடந்து போவதைச் சாமி மண்ணுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். மிஞ்சிப் போய்ச் சேர்ந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மனை வைத்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனைப் பார்த்தபோது நம் பாட்டி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கும் தொண்டை அடைத்தது.

கோணமலைக்கு வாருங்கள். கடலுக்கு நேர் மேலே நிற்கும் பாறை. கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே மான்கள் திரிகின்றன. 1620களில் போர்ச்சுகீசியர் அந்தக் கோயிலை உடைத்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் ஒரு கல்லை எங்களுக்குக் காட்டினார்கள். தமிழ் எழுத்துத் துண்டு, பக்கத்தில் இரட்டை மீன். பாண்டியன் சின்னம். நம் பாட்டி கிட்டப் போய் அந்த மீனைத் தொட்டுக் கும்பிட்டது. மன்னாரில் கேட்ட கேள்விக்கு அதுவே பதில் கண்டுபிடித்துக்கொண்டது.

இப்போது முதலில் சொன்ன மீன் கதைக்கு வருகிறேன். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது, பயந்து யாரோ புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறைக்கு அடியில் கடலில் முங்கினார்கள். அங்கே செதுக்கிய தூண்கள் கிடந்தன. 1963இல் கோயிலுக்குக் குடமுழுக்கு. ஒரு துண்டு மண்ணுக்குள், ஒரு துண்டு கடலுக்குள், ஒரு துண்டு கோட்டைச் சுவரில். இவ்வளவுக்கும் பிறகு மணி அடிக்கிறது, தீபாராதனை நடக்கிறது. வேறு ஊர்க்காரன் இதைக் கேட்டு ஆச்சரியப்படட்டும். அறுத்த மீன் நீந்திப் போன ஊர்க்காரனுக்கு இதில் என்ன ஆச்சரியம்?

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. ஆகாயகங்கையில் குளித்துப் பழகின உடம்பு அலறிவிட்டது, போதும்.

பொலன்னறுவையில் சோழர் கட்டிய சிவாலயம் ஒன்று முழுசாக நிற்கிறது. வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர். ஊருக்கே ஜனநாதமங்கலம் என்று பெயர் மாற்றி ஆண்டார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைக்கக் கூடாது: நாம் அங்கே தேவாரத்தோடு மட்டும் போகவில்லை, வாளோடும் போனோம். அநுராதபுரத்தைச் சூறையாடியதும் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்ததும் சோழப்படைதான். அந்த அரசன் நம் மண்ணில் சிறையிலேயே இறந்தான். சிங்கள ஜனங்கள் அதை நினைவில் வைத்திருந்தால் குறை சொல்ல முடியுமா? அந்தக் கருங்கல் லிங்கத்துக்கு முன்னால் ஒரு சிங்களத் தாய் பூவை வைத்துவிட்டுக் கை குவித்து நின்றதையும் பார்த்தேன். ராஜாக்கள் போய்விட்டார்கள். பூ மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

பொலன்னறுவை மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நடராஜர், காரைக்கால் அம்மையார், அப்பர், சுந்தரர், சம்பந்தர். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையிலேயே நின்று பாடிவிட்டுத் திரும்பிப் போன பிள்ளை, செம்பாகி அக்கரைக்கு வந்து நிற்கிறார்!

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கேதீச்சரத்தில் நாங்கள் தங்கிய அன்று இரவுப் பூசை. கூட்டம் இல்லை. ஓதுவார் வயதானவர். "எந்தப் பக்கத்திலிருந்து வாறியள்?" என்றார். கொல்லிமலை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளத்தை எடுத்துக்கொண்டு, "பண் கொல்லி" என்று அறிவித்துவிட்டு, திருவதிகையில் சூலை நோயோடு அப்பர் முதன்முதலில் பாடினாரே, அந்தப் பதிகத்தைத் தொடங்கினார். இராகத்தில் சொன்னால் நவரோஜ். கொல்லி இரவுப் பண், நேரத்துக்கும் பொருத்தம். மலையால் பண்ணுக்குப் பெயரா, வேறு காரணமா என்று புலவர்கள் பேசட்டும். எழுபது வளைவு இறங்கி, கடல் தாண்டி, ஒரு இருட்டில் நம் ஊர்ப் பெயரைக் கேட்டால் உடம்பு என்ன செய்யும்? பதினாறு பேரும் அழுதோம். அவர்கள் கோயிலில், அவர்கள் பாட்டில், நம்மை வைத்துப் பாடிவிட்டார் அந்த மனிதர்.

வைப்பு என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் கடனை இன்றைக்கு அடைக்க வேண்டும். நம் ஓதுவார் ஐயாவிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். கோணமலைப் பதிகத்துக்குப் பண் புறநீர்மை. விடியற்காலைப் பண், பூபாளம். பொழுது சாய்ந்த பிறகு பாடச் சொல்கிறேன் என்று இசை தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை கரையில் நின்றார், நாம் மலையில் நிற்கிறோம். கோணமலை நமக்குத் தென்கிழக்கே, அந்த வில்வ மரத்துப் பக்கம். எல்லோரும் கொஞ்சம் அப்படித் திரும்பி உட்காருங்கள். பாட்டிக்கு வழி விடுங்கள், முன்னால் வரட்டும். ஓதுவார் ஐயா, தொடங்குங்கள்.