35 வயதில் கிடைத்த வேலை

1857. நியூயார்க் நகரம் பெரிய பொதுப் பூங்கா ஒன்றுக்காக நிலத்தைச் சீர்செய்துகொண்டிருந்தது. கூலியாட்களை மேய்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட். வயது 35. கல்யாணம் ஆகவில்லை. பங்குதாரராக இருந்த பதிப்பகமும் அந்த வருடம்தான் நொடித்துப்போனது.

அதற்கு முன் அவர் செய்யாத வேலை இல்லை. 14 வயதில் விஷச்செடி பட்டுக் கண் கெட்டதால் கல்லூரிக் கனவு கலைந்தது. துணி இறக்குமதிக் கடையில் குமாஸ்தா. 1843-ல் சீனாவுக்குப் போன கப்பலில் மாலுமி, நோயாளியாகத் திரும்பினார். பிறகு ஸ்டேட்டன் தீவில் விவசாயம். அதுவும் அலுத்ததும் பத்திரிகை நிருபராகத் தென் மாநிலங்களைச் சுற்றி, அடிமை முறை அந்த மண்ணையும் மனிதர்களையும் என்ன செய்திருக்கிறது என்று எழுதினார். உறவுக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆனால் அந்த வேலைகளில் எது வீண்?

ஸ்டேட்டன் தீவுப் பண்ணையில் அவர் பயிர் மட்டும் வைக்கவில்லை. தொழுவத்தை இடம் மாற்றினார், வண்டிப்பாதையை வளைத்துவிட்டார், சேறாகக் கிடந்த குளக்கரையில் புல் வளர்த்தார். 1850-ல் இங்கிலாந்தில் கால்நடையாகச் சுற்றியபோது லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்க்கன்ஹெட் பூங்காவைப் பார்த்தார். சீமான்களின் தோட்டமல்ல அது. பொதுப்பணத்தில் உருவாகி, ஏழையும் உரிமையோடு நுழையக்கூடிய இடம். திரும்பி வந்து அதைப் பற்றிப் புத்தகத்தில் எழுதினார்.

நியூயார்க் பூங்காவுக்கான வடிவமைப்புப் போட்டிக்கு 33 வரைபடங்கள் வந்தன. 1858-ல் வென்றது ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வோவும் சேர்ந்து வரைந்தது. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் வோ. கூட்டுச் சேரக் கூப்பிட்டவரும் அவரே. பிற்காலத்தில் பெயரென்னவோ ஓம்ஸ்டெட்டுக்குத்தான் போனது. பூங்காவைக் குறுக்கே கடக்க நான்கு சாலைகள் வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. இவர்கள் அந்தச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். சரக்கு வண்டி தன் பாட்டுக்குப் போகும், புல்வெளியில் நடப்பவர் கண்ணில் படாது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த நிலம் பாறையும் சதுப்பும். மரம் நடுவதற்கு முன் மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை வடியவைக்க வேண்டியிருந்தது. ஏர் பிடித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதி வாதாடவோ, நிருபரின் பேனா கைவசம் இருந்தது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் (நிலக்காட்சி வடிவமைப்பாளர்) என்று தொழில்பெயர் போட்டுக்கொண்டாலும் அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை.

கதையை இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும், முழுதாக இருக்காது. பண்ணை வாங்கப் பணம் தந்தது ஹார்ட்ஃபோர்டில் வியாபாரம் செய்த அப்பா. பிள்ளை ஒவ்வொரு முறை தடம் மாறியபோதும் முட்டுக்கொடுத்தது அவர்தான். அப்படி அலைய எல்லோருக்கும் வசதி ஏது? பூங்காவுக்காகக் கையகப்படுத்திய நிலத்தில் செனிகா கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. ஏறக்குறைய 225 பேர். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பலர் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். 1857-ல் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அது ஓம்ஸ்டெட் எடுத்த முடிவல்ல. ஆனாலும் அவர் வாழ்க்கை நிலைகொண்ட வருடமும் இடமும், அவர்கள் வாழ்க்கை பெயர்த்தெறியப்பட்ட வருடமும் இடமும் ஒன்றே.

1870-ல் ஓம்ஸ்டெட்டுக்கு ஒரு மகன் பிறந்தான். முதலில் வைத்த பெயர் ஹென்றி. சில வருடங்களில் அதை மாற்றித் தன் பெயரையே அவனுக்கு வைத்தார். தன் தொழிலுக்கு வாரிசாகவே வளர்த்தார். ஹார்வர்டில் படிக்கவைத்து, தன் வேலைத்தளத்திலேயே பயிற்சியும் கொடுத்தார். 35 வயதுவரை திசை தெரியாமல் திரிந்த மனிதர், மகனை ஒரு வருடம்கூட அப்படித் திரியவிட்டதாகத் தெரியவில்லை. 1900-ல் ஹார்வர்டு இந்தத் தொழிலுக்கென்று தனிப் படிப்பைத் தொடங்கியபோது, அதை உருவாக்கி நடத்தியவர்களில் அந்த மகனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30.